தனித்தனியே சரி, சேர்ந்தால்?

ஷாஃப்டை அளந்தால் அளவு சரி. புஷ்ஷை அளந்தாலும் அளவு சரி. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிப் பார்த்தால் ஆடுகிறது. ஷாஃப்ட் கடைந்தவர் டிராயிங்கை நீட்டுகிறார்; புஷ் கடைந்தவரும் அதே டிராயிங்கை நீட்டுகிறார். இருவர் சொல்வதும் உண்மை. ஆனாலும் ஜோடி ரிஜெக்ட் ஆகிறது.

இரும்போடு புழங்குகிறவர்களுக்கு இது பழகிய தலைவலி. பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு: இரண்டு மாறிகளில் அமைந்த நேரிய அசமன்பாடு. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணிதத்தில் ‘அடிப்படை இயற்கணிதம்’ பாடத்தில் அது வருகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அதைச் ‘சமனிலி’ என்கின்றன. கோட்டைப் போட்டு, ஒரு பக்கத்தை நிழலிட்டு, மதிப்பெண் வாங்கிக்கொண்டு மாணவர்கள் கடந்துபோகும் பாடம் அது. ஓசூர் மூக்கண்டப்பள்ளியின் பட்டறைத் தெருக்களிலோ அந்த நிழலுக்குள்தான் அன்றாடப் பிழைப்பு நடக்கிறது.

மூக்கண்டப்பள்ளி இப்போது ஓசூர் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட ஊர். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பெங்களூரு நோக்கிப் போகிறவர்கள் ஜூஜூவாடி எல்லைக்கு முன்னால் அதைக் கடக்கிறார்கள். 1971இல் உருவான சிப்காட் நிறுவனம் இந்தப் பக்கத்தில் தொழிற்பேட்டை அமைத்தது. 1980ஐ ஒட்டி அசோக் லேலண்ட் லாரியும் டி.வி.எஸ். மொபெட்டும் ஓசூரில் உருவாகத் தொடங்கின. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டாக 1984இல் தொடங்கிய டைட்டன், கைக்கடிகாரத் தொழிற்சாலைக்கு ஓசூரையே தேர்ந்தெடுத்தது. பெரிய கம்பெனிகள் எல்லா உதிரிப் பாகங்களையும் தாங்களே கடைந்துகொள்வதில்லை. புஷ், ஷாஃப்ட், பின், ஃபிளாஞ்ச் என்று எத்தனையோ சாமான்கள் ஜாப் ஒர்க்காகச் சின்னப் பட்டறைகளுக்கு வந்து சேரும். ஒன்றிரண்டு சி.என்.சி. லேத், ஒரு கிரைண்டிங் மெஷின், நாலைந்து ஆட்கள், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த பேச்சு. இதுதான் இந்தத் தெருக்களின் பட்டறை.

இனி அந்த ஆடுகிற ஜோடிக்கு வருவோம்.

25 மில்லிமீட்டர் விட்டத்துக்குத் துல்லியமாக 25 என்று எவராலும் கடைய முடியாது. அதனால் டிராயிங்கில் ஓர் எண்ணுக்குப் பதில் இரண்டு எல்லைகள் இருக்கும். உலகத் தர முறையில் எச்7 என்று குறித்த 25 மி.மீ. புஷ் துளை, 25.000க்கும் 25.021க்கும் இடையில் எங்கே இருந்தாலும் பாஸ். அதோடு சேரும் ஜி6 ஷாஃப்ட் 24.980க்கும் 24.993க்கும் இடையில் இருக்க வேண்டும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். ஆகவே துளை 25ஐவிட 0 முதல் 21 மைக்ரான் வரை கூடலாம். ஷாஃப்ட் 7 முதல் 20 மைக்ரான் வரை குறையலாம்.

பட்டறையில் இதைப் பார்க்க ‘கோ, நோ கோ’ கேஜ் இருக்கிறது. பிளக் கேஜின் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. இங்கிலாந்தின் வில்லியம் டெய்லர் 1905இல் வகுத்துக் கொடுத்த கொள்கையின்படி இந்தக் கேஜ்கள் வடிவமைக்கப்படுகின்றன. எண்ணைப் படிக்காமலே ‘இதைவிடப் பெரிது, அதைவிடச் சிறிது’ என்று கையாலேயே சொல்லிவிடலாம். கணித வகுப்பில் எழுதும் அசமன்பாட்டை எஃகில் செய்து கையில் கொடுத்த மாதிரி.

ஆனால் பிளக் கேஜுக்குத் துளையை மட்டும்தான் தெரியும். ஸ்நாப் கேஜுக்கு ஷாஃப்டை மட்டும்தான் தெரியும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை, பட்டறைப் பேச்சில் கிளியரன்ஸை, இரண்டில் ஒன்றும் பார்ப்பதில்லை.

ஒரு வரைபடத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடை அச்சில் ஷாஃப்ட் எத்தனை மைக்ரான் குறைவு என்பதையும், நெடு அச்சில் துளை எத்தனை மைக்ரான் கூடுதல் என்பதையும் குறியுங்கள். இப்போது தாளில் ஒரு புள்ளி என்றால் ஒரு ஜோடி. டிராயிங் அனுமதிக்கும் ஜோடிகள் எல்லாம் சேர்ந்து ஒரு செவ்வகம் ஆகின்றன: கிடையில் 7 முதல் 20, நெடுவில் 0 முதல் 21. கிளியரன்ஸ் என்பது இரண்டு எண்களின் கூட்டுத்தொகை. செவ்வகத்தின் கீழ் இடது மூலையில் அது 7; மேல் வலது மூலையில் 41. டிராயிங் சொல்வதை இம்மி பிசகாமல் பின்பற்றினாலும் ஒரு ஜோடி 7 மைக்ரான் இடைவெளியோடு இறுக்கமாகவும் இன்னொன்று 41 மைக்ரான் இடைவெளியோடு தளர்வாகவும் அமையலாம். மிகப் பெரியதும் மிகச் சிறியதும் மூலைகளில்தான் உட்கார்ந்திருக்கின்றன என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் பணக்கணக்கிலும் அந்த மூலைகள் வரும்.

அசெம்பிளி செய்கிறவர் கிளியரன்ஸ் 34 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்று கூடுதலாக ஒரு நிபந்தனை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குறைவு + கூடுதல் ≤ 34. இதைத் தாளில் வரைந்தால் சாய்ந்த கோடு ஒன்று வரும். குறைவு 20ஆக உள்ள ஓரத்தை அது 14இல் தொடும். கூடுதல் 21ஆக உள்ள ஓரத்தை 13இல் தொடும். மைசூர்பாகின் ஒரு மூலையைக் கத்தியால் சாய்வாக நறுக்கியது போலச் செவ்வகத்தில் ஒரு சின்ன முக்கோணம் தனியே பிரிகிறது. பரப்பில் அது செவ்வகத்தின் பதினொன்றில் ஒரு பங்குக்கு அருகில். அந்த முக்கோணத்துக்குள் விழும் ஜோடியில் ஷாஃப்டும் பாஸ், புஷ்ஷும் பாஸ், ஜோடி மட்டும் ஃபெயில். முதலில் கண்ட சண்டையின் இருப்பிடம் அதுதான்.

கிடையாகவோ செங்குத்தாகவோ போகும் கோடு ஒரு மாறியை மட்டுமே கட்டுப்படுத்தும். சாய்ந்த கோடுதான் இரண்டையும் ஒன்றோடொன்று பிணைக்கிறது. இந்தப் பாடத்தின் உயிர் அந்தச் சாய்வில் இருக்கிறது.

தீர்வும் அதே படத்தில் தெரிகிறது. துளையின் கூடுதல் 14 வரை இருந்தால் எந்த ஷாஃப்டையும் போடலாம். 14ஐத் தாண்டிய துளைகளைத் தனியே ஒதுக்கி, குறைவு 13க்கு மேற்படாத பருத்த ஷாஃப்டுகளோடு மட்டும் சேர்த்தால் எந்த ஜோடியும் கோட்டைத் தாண்டாது. பருத்த ஷாஃப்ட் போதுமான அளவு கையில் இருக்கும்வரை ஒரு பீஸையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. இன்ஜின் தொழிற்சாலைகளில் பிஸ்டனையும் சிலிண்டரையும் அளவு வாரியாகத் தரம் பிரித்து ஜோடி சேர்ப்பது இந்த முறையில்தான்.

கோட்டின் எந்தப் பக்கம் நமக்கு வேண்டிய பக்கம்? மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மூக்கண்டப்பள்ளிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது, ஏனென்றால் அவர்கள் ஒரு கோட்டுக்கு அருகிலேயே குடியிருக்கிறார்கள். ஜூஜூவாடி தமிழ்நாடு, அதைத் தாண்டி அத்திப்பள்ளி கர்நாடகம். நிஜ எல்லை ஏரியையும் வயலையும் ஒட்டி வளைந்து போகும்; கணக்கின் எல்லை நேராகப் போகும். மற்றபடி நியாயம் ஒன்றுதான். மூக்கண்டப்பள்ளி தமிழ்நாட்டில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், கோட்டைத் தாண்டாமல் அங்கிருந்து போய்ச் சேரக்கூடிய எல்லா இடமும் தமிழ்நாடுதான். ஒவ்வோர் ஊராக விசாரிக்க வேண்டாம். அசமன்பாட்டிலும் ஒரே ஒரு புள்ளியைச் சோதித்தால் போதும்: அது நிபந்தனைக்கு உட்பட்டால் அந்தப் பக்கம் முழுவதும் உட்படும்; இல்லையென்றால் எதிர்ப்பக்கம். பெரும்பாலும் ஆதிப்புள்ளியை, அதாவது (0, 0)ஐ வைத்துச் சோதிப்பார்கள், கூட்டவும் பெருக்கவும் வேலை இருக்காது என்பதால். கோடே ஆதிப்புள்ளி வழியாகப் போனால் மட்டும் வேறு புள்ளி தேட வேண்டும். எல்லைக் கல்லின் மேல் நின்றுகொண்டு எந்த மாநிலம் என்று சோதிக்க முடியாது.

‘மிகாமல்’ என்றால் கோடும் அனுமதிக்குள் வரும், அழுத்தமாக வரைய வேண்டும். ‘குறைவாக’ என்றால் கோடு வெளியே, புள்ளிக்கோடாக வரைய வேண்டும். டிராயிங்கில் 25.021 வரை என்று இருந்தால் 25.021 பாஸ்தான்.

அளவிலிருந்து நேரத்துக்குப் போனாலும் இதே படம் திரும்ப வருகிறது. ஒரு சின்னப் பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம்: ஒரு சி.என்.சி. லேத், துளையையும் வெளிப்புறத்தையும் இரண்டையும் தேய்க்கக்கூடிய ஒரு யுனிவர்சல் கிரைண்டிங் மெஷின். எட்டு மணி நேர ஷிஃப்டில் சாப்பாடு, டீ, செட்டிங் எல்லாம் போக ஒவ்வொரு மெஷினுக்கும் 420 நிமிடம் மிஞ்சுகிறது. ஒரு புஷ்ஷுக்கு லேத்தில் 3 நிமிடம், கிரைண்டிங்கில் 5 நிமிடம். ஒரு ஷாஃப்டுக்கு லேத்தில் 6 நிமிடம், கிரைண்டிங்கில் 3 நிமிடம். பட்டறை மொழியில் இதுதான் சைக்கிள் டைம்.

லேத் சொல்வது: 3 × புஷ் + 6 × ஷாஃப்ட் ≤ 420.
கிரைண்டிங் சொல்வது: 5 × புஷ் + 3 × ஷாஃப்ட் ≤ 420.

கிடை அச்சில் புஷ், நெடு அச்சில் ஷாஃப்ட். இந்தத் தாளில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாளின் திட்டம். லேத் கோடு கிடை அச்சை 140இலும் நெடு அச்சை 70இலும் வெட்டும். கிரைண்டிங் கோடு கிடை அச்சை 84இலும் நெடு அச்சை 140இலும் வெட்டும். இரண்டு கோடுகளுக்கும் கீழே, இரண்டு நிழல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம்தான் ஏற்புடைய பகுதி. எதிர்மறை எண்ணிக்கையில் புஷ் கடைய முடியாது என்பதால் அச்சுகளும் இரண்டு வேலிகள் ஆகின்றன. மிஞ்சுவது நான்கு மூலை கொண்ட ஒரு மனை: (0, 0), (84, 0), (60, 40), (0, 70).

ஒரு கம்பெனியிலிருந்து போன் வருகிறது: நாளைக்கு 70 புஷ்ஷும் 50 ஷாஃப்டும் வேண்டும். பட்டறைக்காரர் மனசுக்குள் கணக்குப் போடுகிறார். புஷ் மட்டும் செய்தால் 84 வரை போகும், ஆகவே 70 முடியும். ஷாஃப்ட் மட்டும் செய்தால் 70 வரை போகும், ஆகவே 50 முடியும். சரி என்று ஒப்புக்கொண்டால் ஷிஃப்ட் முடிந்த பிறகும் மெஷின் ஓட வேண்டியிருக்கும். (70, 50) என்ற புள்ளிக்கு லேத் மட்டுமே 510 நிமிடம் கேட்கும். ஷாஃப்டையும் புஷ்ஷையும் தனித்தனியே அளந்தபோது நடந்த அதே பிசகு இங்கேயும் நடக்கிறது. வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு தவிப்பதைவிட, வரைபடத்தாளில் ஒரு புள்ளி வைத்துப் பார்க்கும் ஒரு நிமிடம் எவ்வளவோ மேல்.

இந்தக் கணக்கின் வரலாறும் ஒரு கடைசல் கதையில்தான் தொடங்குகிறது. லெனின்கிராடில் ஒட்டுப்பலகை தயாரிப்பவர்களிடமிருந்து லியோனிட் கண்டரோவிச் என்ற இளம் கணிதப் பேராசிரியருக்கு ஒரு கேள்வி வந்தது. மரத்தடியைச் சுழற்றி மெல்லிய தகடாக உரிக்கும் கடைசல் இயந்திரங்கள் பல. மர வகைகளும் பல. எந்த மரத்தை எந்த இயந்திரத்துக்குக் கொடுத்தால் மொத்த உற்பத்தி மிகும்? இது ஒரு தொழிற்சாலையின் தனிக் கேள்வி அல்ல, எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான கணிதம் என்று அவர் கண்டுகொண்டார். 1939இல் அதை ஒரு சிறு நூலாக வெளியிட்டபோது அவருக்கு வயது 27. ரஷ்யாவுக்கு வெளியே அது பரவலாகத் தெரியவே ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின. 1975இல் பொருளாதார நோபல் பரிசை அவர் ட்ஜாலிங் கூப்மன்ஸுடன் பகிர்ந்துகொண்டார்.

இதற்கிடையே அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளாதார அறிஞர் ஒரு வயிற்றுக் கணக்கை எடுத்தார். 77 உணவுப் பொருள்கள், 9 சத்துகள். ஒரு மனிதனுக்கு வேண்டிய சத்து குறையாமல் ஆண்டுக்கு ஆகும் மிகக் குறைந்த செலவு என்ன? 1945இல் அவர் கிட்டத்தட்ட ஊகித்துச் சொன்ன விடை, 1939 விலைவாசியில் 39.93 டாலர். 1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் ‘சிம்ப்ளெக்ஸ்’ என்ற வழிமுறையைக் கண்டுபிடித்தார். அதைச் சோதிக்க இதே உணவுக் கணக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. மேசைக் கணக்குப் பொறிகளோடு ஒன்பது எழுத்தர்கள் உட்கார்ந்தார்கள், மொத்தம் 120 ஆள்நாள் உழைப்பு, விடை 39.69 டாலர். ஸ்டிக்லரின் ஊகம் வெறும் 24 சென்ட்தான் பிசகியிருந்தது.

அந்த உணவுக் கணக்கு இன்று கோழிக்கும் மாட்டுக்கும் தீவனம் கலக்கப் பயன்படுகிறது. மூக்கண்டப்பள்ளியிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள மத்திகிரியில் 1824இல் தொடங்கிய கால்நடைப் பண்ணை இருக்கிறது; தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியும் அங்கேதான் இருக்கிறது. மக்காச்சோளத்தில் புரதம் ஏறத்தாழ 9 விழுக்காடு, சோயாப் புண்ணாக்கில் ஏறத்தாழ 45. சோளம் விலை குறைவு, எரிசக்தி அதிகம். சோயா விலை கூடுதல், புரதம் அதிகம். 100 கிலோ கலவையில் 20 கிலோ புரதமாவது வேண்டும் என்றால் சோயா 30 கிலோவுக்கு மேல் தேவைப்படும். அதற்கு மேல் எரிசக்திக்கு ஒரு கோடு, கால்சியத்துக்கு ஒரு கோடு, அமினோ அமிலங்களுக்குச் சில கோடுகள். பொருள்கள் இரண்டைத் தாண்டியதும் தாள் போதாது, கணினிதான் வேண்டும். ஆனால் கணினி செய்வதும் அடிப்படையில் மூலை தேடுவதுதான்.

மூலையை ஏன் தேட வேண்டும்? பட்டறைக்குத் திரும்பினால் தெரியும். எல்லாச் செலவும் போகப் புஷ் ஒன்றுக்கு 20 ரூபாயும் ஷாஃப்ட் ஒன்றுக்கு 30 ரூபாயும் மிஞ்சுகிறது என்போம். ஒரே வருமானம் தரும் திட்டங்கள் எல்லாம் ஒரு நேர்கோட்டில் இருக்கும். வருமானம் கூடக் கூட அந்தக் கோடு திசை மாறாமல் வெளிப்பக்கம் நகரும். தாளின் மேல் ஒரு ஸ்கேலை வைத்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள். மனையை விட்டு ஸ்கேல் கடைசியாக விலகுவது ஒரு மூலையில்தான், அபூர்வமாக ஒரு முழு ஓரத்தில். (84, 0)இல் 1,680 ரூபாய். (0, 70)இல் 2,100. (60, 40)இல் 2,400. நாளைக்கு 60 புஷ், 40 ஷாஃப்ட் என்பதே சிறந்த திட்டம்.

இதில் பட்டறைக்காரருக்குப் பெரிதும் உதவும் செய்தி ஒன்று ஒளிந்திருக்கிறது. புஷ்ஷின் 20 ரூபாய் மாறாமல், ஷாஃப்டின் மிச்சம் 30இலிருந்து 25ஆகக் குறைந்தாலும் 38ஆகக் கூடினாலும் திட்டம் மாற வேண்டியதில்லை. அதே (60, 40)தான். 12 ரூபாய்க்கும் 40 ரூபாய்க்கும் இடையில் ஸ்கேலின் சாய்வு மாறுமே தவிர, கடைசியாகத் தொடும் மூலை மாறாது. சரியாக 40இல் (60, 40)உம் (0, 70)உம் ஒரே 2,800 ரூபாயைத் தரும். 45 ஆகிவிட்டால் புஷ்ஷை நிறுத்திவிட்டு 70 ஷாஃப்ட் கடைவதே லாபம். ரேட் பேசப் போகும்போது எந்த எண்ணில் நிலைமை புரளும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது சாதாரண பலம் அல்ல.

டான்ட்சிக்கின் சிம்ப்ளெக்ஸ் மூலைக்கு மூலை நடந்து போகும். இந்தியாவில் பிறந்து மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த நரேந்திர கர்மார்க்கர், 1984இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்தபோது, ஓரத்தை ஒட்டி நடக்காமல் மனையின் உட்புறமாகவே குறுக்கே போய்ச் சேரும் வழியைக் காட்டினார். லட்சக்கணக்கான மாறிகள் கொண்ட கணக்குகளுக்கு அது பெரிய திறப்பு.

இரண்டு மாறி போதும் என்கிற பட்டறைக்கு இன்னும் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. பேங்க் லோன் கிடைக்கிறது, இன்னொரு மெஷின் போடலாம். லேத்தா, கிரைண்டிங்கா?

இரண்டாவது கிரைண்டிங் போட்டால் அதன் நேரம் 840 நிமிடம் ஆகும். அந்தக் கோடு வெளியே நகர்ந்து லேத் கோட்டுக்கு அப்பால் போய்விடும், மனையைத் தொடவே தொடாது. சிறந்த மூலை (140, 0). நாளுக்கு 2,800 ரூபாய். 400 ரூபாய் ஏற்றம், அதிலும் கிரைண்டிங்கில் 140 நிமிடம் சும்மா நிற்கும். இரண்டாவது லேத் போட்டாலோ சிறந்த மூலை (0, 140); நாளுக்கு 4,200 ரூபாய். மெஷின் விலை ஒன்றாக இருந்தால் லேத் வாங்குவதுதான் சரி என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

அப்போது கம்பெனி ஒரு வரி சேர்க்கிறது: வெறும் ஷாஃப்ட் எடுக்க மாட்டோம், ஒவ்வொரு ஷாஃப்டோடும் குறைந்தது ஒரு புஷ் வர வேண்டும், உபரிப் புஷ்ஷை ஸ்பேருக்கு எடுத்துக்கொள்கிறோம். புஷ் ≥ ஷாஃப்ட். ஆதிப்புள்ளி வழியாக மூலைவாட்டில் போகும் கோடு அது. (0, 0) சோதனைக்கு உதவாது, (10, 0)ஐ வைத்துப் பார்த்தால் வலப்பக்கம்தான் நமக்கு உரியது என்று தெரியும். (0, 140) கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இரண்டு லேத் இருந்தாலும் புதிய மூலை புஷ்ஷும் ஷாஃப்டும் 52.5 என்ற இடத்தில் விழுகிறது. அரைப் பீஸ் கடைய முடியாது. மனைக்குள் முழு எண் புள்ளிகளில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். 52 புஷ், 52 ஷாஃப்ட், 2,600 ரூபாய். இரண்டாவது கிரைண்டிங்கின் (140, 0) மூலையை இந்தப் புதிய கோடு தொடவில்லை. அதன் 2,800 ரூபாய் அப்படியே இருக்கிறது.